படைத்தளமும் மின்கித்தாரும்: மீண்டும் சுழலும் சில இசைத்தட்டுகள்

ஜப்பானிய இசைத்தட்டு ஒன்றின் மறுவெளியீட்டைச் சில வாரங்களாகக் கேட்டு வருகிறேன். 'ஸ்பீட், க்ளூ அண்ட் ஷின்கி' என்னும் மூவர் குழு 1971-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஈவ்' என்பது அதன் பெயர். தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு இந்த முரட்டு இசையில் என்ன ஈடுபாடு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குழுப்பெயரின் முதலிரண்டு சொற்களும் போதைப் பழக்கத்தைக் குறிப்பவை என்று தெரிந்தால் இன்னும் கடுமையாகக் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில் எனக்கு எள்ளளவும் உடன்பாடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் அந்தத் தட்டை வாசித்த மூவரின் பின்னணியைத் தேடிப் படித்தபோது, நம் சிங்கப்பூரின் பழைய கதையொன்று நினைவுக்கு வந்தது. அதை எழுதவே இந்தப் பதிவு.

முதலில் இசையைப் பற்றிச் சில சொற்கள். ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாக உழன்ற கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி வளர்த்தெடுத்த பாட்டு முறை. பெரும்பாலும் பன்னிரண்டு தாளக்கட்டுகளில் ஒரு சுற்று முடியும். அதற்குள் மூன்றே மூன்று சுரக்கூட்டுகள் வந்து போகும். கித்தார் கலைஞர் மிகுதியும் எடுத்தாளும் ஐந்து சுர வரிசை நம் சுத்த தன்யாசி இராகத்தின் சுரங்களோடு ஒத்துப்போவது. சுருதிப்பெட்டி வைத்திருப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அவர்கள் தந்தியை இழுத்து, சுரத்தை அதன் இடத்திலிருந்து சற்றே பிசகச் செய்வார்கள். ஏக்கம் அந்தப் பிசகலில்தான் இருக்கிறது. 1960-களின் பிற்பாதியில் ஆங்கில, அமெரிக்க இளைஞர்கள் இதையே மின்கித்தாரில் பேரொலியாக வாசித்து, கரகரப்பும் எதிரொலியும் சேர்த்து, பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று நீட்டினார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் 'கிரீம்' குழுவினரும் இதில் முன்னோடிகள். மனத்தை மயக்கும் தன்மை கருதி இதற்கு 'சைக்கடெலிக்' என்ற அடைமொழி வந்து சேர்ந்தது.

'ஈவ்' தட்டில் வாசித்த மூவரில் கித்தார் கலைஞர் ஷின்கி சென், யோகோஹாமாவில் வளர்ந்த, சீன வம்சாவளியைச் சேர்ந்தவர். பேஸ் கித்தார் வாசித்த மசாயோஷி காபே, அதே நகரில் பெயர்பெற்ற 'கோல்டன் கப்ஸ்' குழுவில் இருந்தவர். தோல்வாத்தியம் வாசித்துக்கொண்டே பாடிய ஜோயி ஸ்மித், பிலிப்பினோ தாய்க்கும் அமெரிக்கப் படைவீரருக்கும் பிறந்தவர். பாடல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில். ஜப்பானியத் தட்டு என்று சொல்கிறோமே தவிர, அது ஒரு துறைமுக நகரத்தின் தட்டு. போருக்குப் பின் யோகோஹாமாவின் ஹொன்மொக்குப் பகுதியில் அமெரிக்கப் படையினரின் குடியிருப்புகள் இருந்தன. 1982-ஆம் ஆண்டில்தான் அந்த நிலம் முழுவதுமாகத் திரும்பக் கிடைத்தது. படைவீரர்கள் மாலையில் பாட்டுக் கேட்க வேண்டும், நடனமாட வேண்டும், அமெரிக்காவில் அந்த வாரம் புகழ்பெற்ற பாட்டே வேண்டும். அதை வாசிக்கத் தெரிந்த உள்ளூர் இளைஞனுக்கு அங்கே வேலை காத்திருந்தது.

'படையினர், துறைமுகம், பல இன இளைஞர்கள், ஆங்கிலப் பாட்டு' என்று வரிசையாகப் படித்தபோது எனக்குச் செம்பவாங்கும் சாங்கியும் நினைவுக்கு வந்தன. வியப்பில்லை. 1960-களில் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமும், சாங்கி, சிலேத்தார், தெங்கா ஆகிய இடங்களில் விமானப்படைத் தளங்களும் இயங்கின. அவற்றைச் சுற்றி இருந்த மனமகிழ் மன்றங்களுக்கு வாரந்தோறும் இசைக்குழு தேவைப்பட்டது. சிங்கப்பூரின் கித்தார் காலம் பெருமளவு அந்தத் தேவையின் மேல் கட்டப்பட்டது.

தொடக்கத்தை 1961 நவம்பர் என்று சொல்வது வழக்கம். அந்த மாதம் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் கேலாங்கில் இருந்த ஹேப்பி வேர்ல்ட் அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார்கள். பாடகரைவிட அவருக்குப் பின்னால் நின்ற மூன்று கித்தார்காரர்களும் ஒரு தோல்வாத்தியக்காரருமே நம் இளைஞர்களை அதிகமாகக் கவர்ந்தார்கள் என்று அக்காலத்தவர் பலர் கூறியிருக்கிறார்கள். பாட்டே இல்லாமல் கித்தார் மட்டும் பேசிய அவர்களுடைய 'அப்பாச்சி' 1960-இல் வெளியானது. பாடத் தெரியாதவனும் ஆங்கிலம் சரளமாக வராதவனும்கூட அதை வாசித்துவிடலாம். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு குழு. வீடமைப்பு வட்டாரங்களிலும் கம்பங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் குழுக்கள் முளைத்தன.

அவற்றில் முதன்மையானது 'குவெஸ்ட்ஸ்'. குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய குழு இது; பள்ளி மலரின் பெயரையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள். 1964-இல் அவர்கள் வெளியிட்ட 'ஷாண்டி' என்ற வாத்திய இசை, சிங்கப்பூர் விருப்பப் பட்டியலில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்றைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. உள்ளூர்க் குழு ஒன்று அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. அதே 1964-இன் ஜூலையிலும் செப்டம்பரிலும் இந்நகரில் இனக்கலவரங்கள் நடந்தன. ஊரடங்கு உத்தரவும் 'ஷாண்டி'யும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை என்பதை நம் பாடநூல்கள் சேர்த்துச் சொல்வதில்லை. சேர்த்துச் சொன்னால் மாணவர்களுக்கு அந்த ஆண்டு இன்னும் தெளிவாக விளங்கும் என்பது என் கருத்து.

குவெஸ்ட்ஸ் குழுவின் முன்னணிக் கித்தார் கலைஞர் ரெஜி வர்கீஸ். கேரளக் கிறிஸ்தவர்களிடையே பரவலாக வழங்கும் பெயர் அது. 1964-இல் குழுவில் சேர்ந்தபோது அவர் பதின்ம வயதினர். குழு 1966-இல் 'குவெஸ்டிங்' என்ற நெடுந்தட்டை வெளியிட்டது. சக்குரா தெங், ரீட்டா சாவ் ஆகிய சீனப் பாடகியரின் தட்டுகளிலும் அவர்களே பின்னணி வாசித்தார்கள். மாண்டரின் பாட்டுக்குள் திடீரென்று ஒரு கித்தார் சுழன்று எழும்போது, அதை வாசிப்பவர் ஒரு மலையாளக் குடும்பப் பெயர்க்காரர் என்பதை எண்ணிக் கேட்டுப் பாருங்கள். குழு கலைந்த பின் ரெஜி இ.எம்.ஐ நிறுவனத்தில் இசைத்தட்டுத் தயாரிப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, 2015-இல் காலமானார்.

இவரைப் போன்று நம் வட்டாரத்துப் பெயர்கள் வேறு சிலவும் உண்டு. ஷெர்லி நாயர், 'சில்வர் ஸ்டிரிங்ஸ்' குழுவுடன் பாடியவர். நேயோமி சூரியா, 'நேயோமி அண்ட் தி பாய்ஸ்' குழுவின் பாடகி. 'சைக்ளோன்ஸ்' என்ற பெயரில் தம் சகோதரர் ஜேம்ஸுடன் பாடிய சிவா சோய், பிற்காலத்தில் நகைச்சுவைக் கலைஞராகப் பெயர்பெற்றார். 1991-இல் வெளிவந்த, சிங்கப்பூர்ப் பேச்சாங்கிலத்தில் அமைந்த 'வை யு சோ லைக் தாட்' பாட்டு இவர் கைவண்ணம். 2018-இல் மறைந்தார்.

இவர்கள் வாசித்தவை பெரும்பாலும் இனிமையான, மூன்று நிமிடப் பாட்டுகள். யோகோஹாமாக் குழுவின் முரட்டு ப்ளூஸுக்கு நெருக்கமான இசை இங்கு இருந்ததா என்றால், இருந்தது. 'ஸ்ட்ரேடாக்ஸ்' என்ற குழு ப்ளூஸுக்கென்றே பெயர் பெற்றிருந்தது. தாயின் அளவுமீறிய செல்லத்தைத் தலைப்பாகக் கொண்ட 'மம்ஸ் டூ பேம்பரிங்' என்ற சொந்தப் பாட்டையும் பதிவு செய்தார்கள். ஆனால் யோகோஹாமாக்காரர்களுக்குக் கிடைத்த ஒன்று நம்மவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை: நேரம். நெடுந்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடம்வரை இசை பதியலாம். ஏழங்குலச் சிறுதட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்தோடு முடிந்துவிடும். 1965-இல் ஏறத்தாழ 19 இலட்சம் மக்கள் வாழ்ந்த ஊரில், நான்கு மொழிகளுக்கும் பிரிந்து கிடந்த சந்தையில், நிறுவனங்கள் சிறுதட்டையே விரும்பின. மேடையில் பத்து நிமிடம் நீண்ட வாசிப்பு தட்டில் ஏற வேண்டுமானால் கைகால்களை வெட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். இன்று மறுவெளியீடுகளைக் கேட்டுவிட்டு, 'சிங்கப்பூர்க் குழுக்கள் மென்மையானவை' என்று முடிவு கட்டுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை. நாம் கேட்பது அவர்கள் வாசித்ததை அன்று; அவர்கள் வாசித்ததில் தட்டு ஏற்றுக்கொண்டதை.

மலாய் இளைஞர்களோ தங்கள் மொழியிலேயே ஒரு தனி வகையை உருவாக்கினார்கள். பீட்டில்ஸ் பாட்டில் வரும் 'யே யே' என்ற கூவலிலிருந்து அதற்குப் 'பாப் யே யே' என்று பெயர் வந்தது. எம். ஒஸ்மான் 1964-இல் பாடிய 'சுசானா' அதன் முதல் வெற்றி என்பர். ஜெஃப்ரிடின், ஏ. ராம்லி, அட்னான் ஒத்மான் போன்றோர் தொடர்ந்து வந்தனர். கித்தார் மேற்கத்தியது, மெட்டு பெரும்பாலும் மலாய் மரபைச் சேர்ந்தது, பாட்டு தாய்மொழியில். இரவல் கருவியில் சொந்தப் பேச்சு. நால்மொழிச் சிங்கப்பூரில் அந்தக் கித்தார் காலத்தின் மிகத் துணிச்சலான ஆக்கம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இத்தனையும் 1970-களின் தொடக்கத்தில் மெல்ல அடங்கியது. ஏன் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் நீண்ட கூந்தல் கதையைத்தான் சொல்வார்கள். அது உண்மையே. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடும் முடி, காதை மறைக்கும் முடி, சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழே இறங்கும் முடி ஆகியவை நீண்ட கூந்தல் என்று படம் போட்டு விளக்கிய சுவரொட்டிகள் அரசாங்க அலுவலகங்களில் தொங்கின. அத்தகைய ஆடவர்கள் கடைசியாகவே கவனிக்கப்படுவார்கள் என்றும் அவற்றில் எழுதியிருந்தது. 1972-இல் இங்கு வந்த 'லெட் ஸெப்பலின்' குழுவினர் கூந்தல் காரணமாக அனுமதிக்கப்படாமல் திரும்ப, அவர்களுடைய நிகழ்ச்சி நடைபெறவில்லை. மேற்கத்திய இளையர் பண்பாட்டின் மீதான ஐயம் புதியதும் அன்று. 1959-இல் ஆட்சிக்கு வந்த மாதத்திலேயே, 'மஞ்சள் கலாசாரம்' என்று சொல்லி, காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளை அரசாங்கம் தடை செய்திருந்தது. ஜப்பானிலும் இதே கவலை இருந்தது. 1965-இல் அஷிகாகா நகரக் கல்வி வாரியம் மாணவர்கள் மின்கித்தார் வாங்குவதற்கே தடை விதித்தது. ஆசிரியர்களாகிய நாம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் பயப்படுகிறோம் போலும்.

ஆனால் கூந்தல் மட்டுமே காரணம் என்றால் நான் ஒப்பமாட்டேன். அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு. 1967-இல் தேசிய சேவை தொடங்கியது. பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்களாலான குழுவில் ஆளுக்கொரு சமயம் படைக்கு அழைக்கப்பட்டால் குழு எப்படி நிலைக்கும்? அடுத்து, 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 1971 இறுதிக்குள் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. தளங்களால் வந்த வருமானம் நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்று அன்று கணக்கிட்டார்கள். பல்லாயிரம் சமையற்காரர், தையற்காரர், எழுத்தர் வேலையிழந்த கதையை நாம் படித்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் கித்தார்காரரையும் சேர்க்க வேண்டும். தளத்தைத் தேடி வந்த இசை தளத்தோடு போயிற்று. எஞ்சிய இளைஞர்கள் ஜூரோங்கின் புதிய தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இனி மறுவெளியீட்டுக்கு வருவோம். பழைய தட்டு மீண்டும் வருவதற்கு முதலில் மூல ஒலிநாடா வேண்டும். நிறுவனங்கள் கைமாறின, கிடங்குகள் காலி செய்யப்பட்டன, நம் நாட்டு ஈரப்பதமும் பூஞ்சையும் தம் பங்கைச் செய்தன. நாடா கிடைக்காதபோது ஒரே வழி, எவரிடமாவது தேயாமல் எஞ்சிய தட்டைத் தேடிப் பிடித்து, கழுவி, நல்ல ஊசியில் ஓட்டி, கணினியில் ஏற்றி, வெடிப்பொலிகளை ஒவ்வொன்றாக நீக்குவது. சில வேளைகளில் ஒரே பாட்டின் இரண்டு மூன்று தட்டுகளிலிருந்து பழுதற்ற பகுதிகளை எடுத்து ஒட்டுவதும் உண்டு. ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த நம் பதிப்பாசிரியர்களின் வேலைக்கு இது நெருங்கிய உறவு. செல்லரித்த இடத்தை ஒரு சுவடியிலும், சிதைந்த வரியை இன்னொரு சுவடியிலும் பார்த்து நிரப்பினார்கள் அல்லவா, அதுபோல.

சிங்கப்பூருக்கு இந்த வேலையைச் செய்தவர்களில் முதலில் குறிப்பிட வேண்டியவர் ஜோசப் பெரேரா. 1999-இல் 'லெஜண்ட்ஸ் ஆஃப் தி கோல்டன் வீனஸ்' என்ற நூலையும், 2011-இல் 'அப்பாச்சி ஓவர் சிங்கப்பூர்' என்ற நூலையும் எழுதினார். ஆர்ச்சர்ட் ஹோட்டலில் ஞாயிறு பிற்பகல்களில் நடந்த தேநீர் நடனங்களுக்குப் பெயர்போன இடமே கோல்டன் வீனஸ். குவெஸ்ட்ஸ் குழுவின் ஹென்றி சுவாவும் தம் குழுவின் வரலாற்றை நூலாக எழுதியிருக்கிறார். 2009-இல் யுனிவர்சல் நிறுவனம் 1960-களின் நூறு பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த அக்கறையும் உண்டு. வர்ஜீனியாவைச் சேர்ந்த கார்ல் ஹாம் என்பவர் மலாய்ப் பாட்டுகளைப் பல ஆண்டுகள் தேடி, பாடியவர்களை நேரில் கண்டு தொகுத்த தட்டை, சியாட்டிலில் உள்ள 'சப்லைம் ஃபிரீக்குவென்சீஸ்' நிறுவனம் வெளியிட்டது. அதன் துணைத்தலைப்பில் 'சைக்கடெலிக் ராக்' என்று இருக்கிறது. பாடியவர்கள் 'பாப் யே யே' என்றார்கள்; வாங்குபவர்கள் அறிந்த சொல் 'சைக்கடெலிக்'. தட்டு விற்க வேண்டுமே! எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டென்றாலும், அந்தச் சொல்லால் நாலு பேர் கூடுதலாகக் கேட்டிருப்பார்கள் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

நான் கேட்ட இந்தத் தொகுப்புகளில் ஆங்கிலப் பாட்டு உண்டு, மலாய்ப் பாட்டு உண்டு; வேறு தொகுப்புகளில் மாண்டரின் பாட்டும் உண்டு. தமிழ்ப் பாட்டு மட்டும் இல்லை. தமிழாசிரியர் என்ற முறையில் என்னை உறுத்தியது இதுதான்.

காரணத்தை யோசித்தால் விளங்காமல் இல்லை. 1970-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு இந்தியர் நூற்றுக்கு ஏழு பேர். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். அதிலும் தமிழ் பேசுவோர் ஒரு பகுதி. அவர்களுக்கு வேண்டிய இசை கப்பலில் வந்துகொண்டிருந்தது. சென்னையில் பாடி, கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான தட்டுகள் சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைத்தன; வானொலியில் ஒலித்தன. மேலைத் தாளமும் கித்தாரும் வேண்டும் என்பவருக்கு அதையும் திரையிசையே கொடுத்தது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964-இல் வந்தது. அதில் விஸ்வநாதன், ராமமூர்த்தி இரட்டையர் தந்த இசை அப்படிப்பட்டது. இத்தனை நிறைவாகவும் மலிவாகவும் வெளியிலிருந்து கிடைக்கும்போது, உள்ளூர்த் தமிழ்க் குழுவை அழைத்துத் தட்டுப் போடும் துணிவு எந்த வணிகருக்கு வரும்? மலாய் இளைஞர்களுக்குச் சிங்கப்பூரே தட்டுத் தொழிலின் தலைநகராக இருந்தது. நமக்குத் தலைநகரம் கடல் கடந்து கோடம்பாக்கத்தில் இருந்தது.

ஆகவே கித்தார் பிடித்த நம் இளைஞர்கள் ஆங்கிலக் குழுக்களுக்குப் போனார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்மொழி மாதத்தையொட்டி, 'என் தாத்தாவின் இளமை' என்ற தலைப்பில் மாணவர்களை எழுதிவரச் சொன்னேன். கப்பல் பட்டறை, துறைமுகம், பால் வியாபாரம் என்று பலவும் வந்தன. ஒரு மாணவி மட்டும் தன் தாத்தா சாங்கிப் படைமுகாமில் பேஸ் கித்தார் வாசித்தார் என்று எழுதியிருந்தாள். அடுத்த நாள் ஒரு புகைப்படத்தையும் கொண்டு வந்தாள். ஒரே நிறக் கோட்டு அணிந்த ஐந்து இளைஞர்கள். வலது ஓரத்தில் நின்றவர் அவள் தாத்தா. பின்பக்கத்தில் ஒரு பெயரும் இல்லை. மற்ற நால்வர் யார் என்று கேட்டேன். தாத்தா மறைந்துவிட்டார், பாட்டிக்குத் தெரியாது என்றாள். அக்குழு தட்டு எதுவும் வெளியிடவில்லையாம். தட்டு இல்லையென்றால் மறுவெளியீடு எங்கிருந்து வரும்? தமிழர் திருநாளையும் தமிழ் முரசையும் பற்றி நாம் எழுதி வைத்திருக்கும் அளவுக்கு இவர்களைப் பற்றி எழுதவில்லை. ஆங்கிலத்தில் பாடியதால் அவர்கள் நம்மவர் அல்லர் என்று ஒதுக்கினோமா, அல்லது அது விளையாட்டுத்தனம் என்று வீட்டாரே பேசாமல் விட்டார்களா? இரண்டும் கலந்தே நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

தமிழகத்தின் நிலைமை சற்று வேறு. சிம்லா என்ற சிகரெட்டின் விளம்பரத்துக்காக 'சிம்லா பீட்' என்னும் அகில இந்திய இசைக்குழுப் போட்டி நடந்து வந்தது. அதில் தேறிய குழுக்களின் வாசிப்பு 1970-இலும் 1971-இலும் நெடுந்தட்டுகளாக வந்தது. சென்னையைச் சேர்ந்த 'கன்ஃப்யூஷன்ஸ்' என்ற குழுவும் அதில் இடம்பெற்றது. பல ஆண்டுகள் கழித்து மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் அத்தட்டுகளைத் தேடியெடுத்து மறுவெளியீடு செய்தார்கள். போட்டி நடைபெற்ற இடம் பம்பாய் சண்முகானந்தா மண்டபம் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. கர்நாடக இசைக்காகத் தென்னிந்தியர்கள் முயன்று எழுப்பி, 1963-இல் திறந்த மண்டபம் அது. கச்சேரி நடக்கும் மேடையிலேயே மின்கித்தாரும் அலறியது. அங்கும் பாட்டு ஆங்கிலம்தான். தமிழில் அப்படிப் பாட வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லையா என்ற கேள்வி எழுகிறது.

இந்த இடத்தில் ஜோயி ஸ்மித்தை மீண்டும் நினைத்துக்கொள்ளலாம். யோகோஹாமாவில் ஆங்கிலத்தில் பாடிய அவர், சிறிது காலத்தில் மணிலாவுக்குத் திரும்பினார். அங்கே 'ஹுவான் டி லா குரூஸ்' குழுவில் சேர்ந்து, 1973-இல் 'ஹிமிக் நாட்டின்' என்ற பாட்டைத் தகாலோக் மொழியில் பாடினார். 'நம் இசை' என்பது அத்தலைப்பின் பொருள். பிலிப்பீன்ஸில் தாய்மொழி ராக் இசை அந்தப் பாட்டிலிருந்து கிளைத்தது என்று மதிக்கிறார்கள். 2019-இல் அவர் இறந்தபோது நாடே துக்கம் கொண்டாடியது. 'ஈவ்' தட்டைவிட அந்த ஒரு பாட்டுக்காகவே அவரை அவர் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். படைமுகாமில் கற்ற வித்தையைச் சொந்த மொழிக்கு எடுத்துவந்தவர் ஒருவர் போதும், ஒரு மரபு தொடங்கிவிடும். சிங்கப்பூர்த் தமிழுக்கு அந்த ஒருவர் 1970-களில் வாய்த்திருந்தால், அவர் குரலும் தட்டில் ஏறியிருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இன்றும் தட்டில் ஏறாத தமிழிசை நம் ஊரில் இருக்கிறது. துவாஸில் உள்ள தொழிலாளர் விடுதிகளில் ஞாயிறு மாலை வேளைகளில் போய்ப் பாருங்கள். தூண்டில்காரரும் மீனவரும் இருந்த பழைய கடற்கரைக் கிராமம் இன்று கப்பல் பட்டறையும் தொழிற்சாலையுமாக நிற்கிறது. அங்கே வேலை செய்யும் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் இளைஞர்களில் ஒருவர் கீபோர்டு வாங்கி வைத்திருக்கிறார். இன்னொருவர் தண்ணீர்க் கலத்தைத் தட்டித் தாளம் போடுகிறார். மூன்றாமவர் தாமே கட்டிய பாட்டைப் பாடுகிறார். மாடிக்கட்டிலைப் பற்றியும் பாரவுந்துப் பயணத்தைப் பற்றியும் நான் கேட்ட பாட்டு ஒன்று, எந்தத் திரைப்படத்திலும் இல்லாத சிங்கப்பூர்ப் பாட்டு. கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள். கைப்பேசி மாறும்போது பாட்டும் போய்விடுகிறது. வேலை அனுமதி முடியும்போது பாடியவரும் போய்விடுகிறார்.

வீட்டில் பழைய தட்டுகளோ, ஒலிநாடாக்களோ, குழுப் புகைப்படங்களோ வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடாது. புத்தகங்களைப் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயில் படும் சன்னலோரமும் சமையலறையை ஒட்டிய அலமாரியும் ஆகா. பூஞ்சை பிடித்த தட்டைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். நாடாவைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று பழைய கருவியில் ஓட்டிவிடாதீர்கள். ஒருமுறை ஓட்டுவதிலேயே அறுந்துபோகலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் 1979-ஆம் ஆண்டு முதல் வாய்மொழி வரலாற்று நிலையம் இயங்கி வருகிறது. தமிழிலும் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டு, இடமிருந்து வலமாக, யார் எந்தக் கருவி வாசித்தார்கள், எந்த முகாமில், எந்த ஆண்டில் என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம்வரை ஊறிவிடும்.